0.01 என்ற எண்ணை மட்டும் நம்பி வகுப்பறையைத் திறக்காதீர்கள்

பள்ளியில் ஆஸ்பெஸ்டாஸ் (கல்நார்) அகற்றும் வேலை முடிந்ததும் தலைமை ஆசிரியரின் மேசைக்கு ஒரு தாள் வரும். காற்றில் நார் அளவு ஒரு மில்லிலிட்டருக்கு 0.01க்குக் கீழ் என்று அதில் இருக்கும். அடியில் கையெழுத்தும் முத்திரையும். அதைப் பார்த்ததும் எல்லோருக்கும் நிம்மதி. மறுநாளே பெஞ்சுகள் உள்ளே போய்விடும்.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் அவ்வளவு நிம்மதி வராது. ஒரு மில்லிலிட்டருக்கு 0.01 நார் என்பது ஒரு கன மீட்டருக்கு 10,000 நார். உடம்புக்குக் கெடுதல் இல்லாத அளவு இதுதான் என்று யாரும் கண்டுபிடித்து வைத்த எண் இல்லை இது. ஒளி நுண்ணோக்கியில் எண்ணும்போது ஓரளவு நம்பகமாக எண்ணக்கூடிய மிகக் குறைந்த அளவு இதுதான், அவ்வளவே. 480 லிட்டர் காற்றை ஒரு வடிதாள் வழியாக இழுத்து, அந்தத் தாளில் 200 புலங்களை (நுண்ணோக்கியில் ஒரு தடவை எண்ணும் சிறு வட்டங்களை) பார்த்து, 20 நாருக்கு மேல் இல்லையென்றால் 0.01 வருகிறது. அதற்குக் கீழே போனால் காற்றே இழுக்காத வெற்றுத் தாளில் தெரியும் நாருக்கும் இதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது.

இன்னும் இருக்கிறது. இந்த முறையில் 5 மைக்ரானுக்கு (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் நீளமுள்ள நார்களை மட்டுமே எண்ணுவார்கள். சுமார் 0.2 மைக்ரானை விட மெல்லியது கண்ணுக்கே படாது. பஞ்சு நார், காகித நார், ஆஸ்பெஸ்டாஸ் நார் எல்லாம் ஒரே கணக்கில் சேரும். எல்லாவற்றுக்கும் மேலாக, காற்றை இழுக்கும் பம்பு ஓடிய நேரத்தில் காற்றில் மிதந்தது மட்டும்தான் தாளில் சிக்கும். கதவுச் சட்டத்தின் மேல்விளிம்பில் படிந்து கிடக்கும் தூசியைப் பற்றி அந்தத் தாள் எதுவும் சொல்லாது.

அதனால்தான் சொல்கிறேன். பள்ளியில் இந்த வேலைக்கு மேற்பார்வை என்பது, பம்பை ஓட்டுவதற்கு முன்னால் டார்ச்சோடு உள்ளே போய்ப் பார்க்கும் ஆளையும், அந்த ஆளுக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்பதையும் பொறுத்தது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பள்ளி என்பதால் ஏன் இவ்வளவு கெடுபிடி என்று கேட்கலாம். கல்நார் தூசியால் வரும் மீசோதீலியோமா என்ற புற்றுநோய் பெரும்பாலும் 20 முதல் 50 ஆண்டுகள் கழித்துத்தான் தலைகாட்டும். 50 வயதில் தூசியைச் சுவாசித்தவரை விட 5 வயதில் சுவாசித்தவருக்கு அந்த நோய் வளர முன்னால் கிடக்கும் ஆண்டுகள் அதிகம். பிரிட்டனில் புற்றுநோய்க் காரணிகளை ஆராயும் அரசுக் குழு 2013இல் இதைக் கணக்கிட்டுச் சொன்னது: அதே அளவு தூசிக்கு, 30 வயதில் ஆளாகும் ஒருவரை விட 5 வயதுக் குழந்தைக்கு வாழ்நாள் ஆபத்து சுமார் 5 மடங்கு.

கணக்கெடுப்பு தப்பானால் எல்லாமே தப்பு

1993இல் நியூயார்க் நகரில் பொதுப் பள்ளிகள் திறப்பது 11 நாள் தள்ளிப்போனது. காரணம், 1980களில் செய்த ஆஸ்பெஸ்டாஸ் கணக்கெடுப்பை நம்ப முடியாது என்று கோடை விடுமுறையில் தெரியவந்ததுதான். பள்ளிகளை முதலிலிருந்து மறுபடி சோதிக்க வேண்டியதாயிற்று. சட்டம் இருந்தது, கோப்பு இருந்தது, கோப்பில் இருந்தது உண்மையில்லை.

கணக்கெடுப்பு இரண்டு வகை. அன்றாடப் பராமரிப்புக்கான கணக்கெடுப்பில் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் பார்ப்பார்கள். சுவரைத் திறக்க மாட்டார்கள், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே முழுதாக ஏறிப் பார்க்க மாட்டார்கள். பழுதுபார்ப்புக்கோ இடிப்புக்கோ முன்னால் செய்யும் கணக்கெடுப்பு வேறு. அதில் வேலை நடக்கப்போகும் இடத்தை உடைத்து, பிரித்து, உள்ளே என்ன என்று பார்க்க வேண்டும். முதல் வகை அறிக்கையை வைத்துக்கொண்டு இரண்டாவது வகை வேலைக்கு டெண்டர் விடுவதுதான் நான் அறிந்தவரை அடிக்கடி நடக்கும் பிழை. வேலை பாதியில் இருக்கும்போது பலகைக்குப் பின்னால் எதிர்பாராத காப்புப் பூச்சு தென்படும். அப்போது யாருக்கும் நிறுத்த மனம் வராது.

அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் தேட வேண்டியது 'அணுக முடியவில்லை' என்று எழுதிய இடங்களை. பூட்டியிருந்த ஸ்டோர் ரூம், தரைக்கடியில் குழாய் ஓடும் குழி, பாய்லர் அறையின் பின்பக்கம். சோதிக்காத இடத்தில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும். 'அணுக முடியவில்லை' என்பது கையிலிருந்து கைக்கு மாறும்போது 'இல்லை' ஆகிவிடும். இதை ஒவ்வொரு கட்டத்திலும் கவனிக்க வேண்டும்.

அடுத்து சாம்பிள் எண்ணிக்கை. தெளித்துப் பூசிய கூரைப் பூச்சு போன்றவற்றுக்கு அமெரிக்காவின் 1986ஆம் ஆண்டுப் பள்ளிச் சட்டத்தின் கீழ் வந்த விதி எளிதானது. ஒரே மாதிரியான பூச்சு 1,000 சதுர அடி வரை இருந்தால் 3 சாம்பிள், 5,000 வரை 5, அதற்கு மேல் 7. பூச்சைக் கலந்தபோது நார் எல்லா இடத்திலும் சமமாகக் கலந்திருக்காது. அதனால்தான் ஒன்று போதாது. ஒரு பெரிய கூடத்துக்கு ஒரே சாம்பிள் எடுத்து 'இல்லை' என்று எழுதியிருந்தால் அந்த அறிக்கையைத் திருப்பி அனுப்பலாம்.

எங்கெல்லாம் தேடியிருக்க வேண்டும் என்று சரிபார்க்க: கூரை ஷீட், மழைநீர்க் குழாய், குழாய்களின் மேல் சுற்றிய காப்பு, பாய்லர் கேஸ்கட், வினைல் தரை டைல், அதற்கடியில் உள்ள கறுப்புப் பசை, தூண்களைச் சுற்றிய பலகை, தீத்தடுப்புக் கதவின் உள்பகுதி, அறிவியல் ஆய்வகத்தின் மேசைப் பலகை, புகைபோக்கிப் பெட்டி, கரும்பலகையைச் சுவரில் ஒட்டிய பசை. கடைசியைப் பலர் விட்டுவிடுவார்கள்.

இன்னொரு சின்ன விஷயம். பள்ளிகளில் அறை எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். 7ஆம் எண் அறை என்று அறிக்கை சொல்வது இப்போதைய கணினி அறையாக இருக்கலாம். வரைபடத்தோடு ஒப்பிடாமல் எண்ணை மட்டும் பார்த்து வேலையைத் தொடங்கக் கூடாது.

அடைப்புக்குள் என்ன பார்க்க வேண்டும்

கையால் நசுக்கினாலே பொடியாகும் பொருளை அகற்றும்போது அறையை முழுதாக அடைத்து, உள்ளிருந்து காற்றை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். 0.15 மில்லிமீட்டர் தடிமன் பாலித்தீன் ஷீட், இரண்டு அடுக்கு, மூட்டுகளில் டக்ட் டேப். உள்ளே காற்றழுத்தம் வெளியை விடச் சுமார் 5 பாஸ்கல் குறைவாக இருக்க வேண்டும். அப்போது எங்காவது கிழிந்தாலும் காற்று உள்ளே வருமே தவிர வெளியே போகாது.

காற்றிழுக்கும் இயந்திரம் போதுமா என்பதைத் தாளும் பேனாவும் இருந்தால் யாரும் கணக்குப் போடலாம். 9 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 3 மீட்டர் உயரமுள்ள வகுப்பறை 189 கன மீட்டர். அமெரிக்க விதிப்படி மணிக்கு 4 முறையாவது காற்று மாற வேண்டும், அதாவது 756 கன மீட்டர். பிரிட்டன் வழிகாட்டி 8 முறை கேட்கிறது, அதற்கு 1,512. இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் எண் புது ஃபில்டருக்கானது. தூசி ஏற ஏற இழுவை குறையும். ஆகவே கணக்குக்குச் சரியாக ஒரு இயந்திரம் வைத்திருந்தால் போதாது. தயார் நிலையில் இன்னொன்று வேண்டும், மின்சாரம் போனால் என்ன செய்வது என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

வேலை தொடங்கும் முன் புகைச் சோதனை. அடைப்புக்குள் புகையை நிரப்பி, வெளியே நின்று சுற்றிலும் பார்க்க வேண்டும். கசிவு பெரும்பாலும் நடுச்சுவரில் இருக்காது. குழாய் சுவரைத் துளைக்கும் இடம், ஜன்னல் மேல்மூலை, பக்கத்து அறையோடு பொதுவாக உள்ள சீலிங் வெளி, இங்கேதான் இருக்கும். அந்த அறைக்குப் போகும் ஏசி காற்றுப்பாதையை மறந்துவிட்டால் தூசி அடுத்த வகுப்பில் போய் இறங்கும்.

ஆட்கள் வெளியே வரும் வழியில் மூன்று அறை: அழுக்கு உடை கழற்றும் அறை, ஷவர், சுத்தமான அறை. மேற்பார்வையாளர் ஷவரைத் திறந்து தண்ணீர் வருகிறதா, வெதுவெதுப்பாக இருக்கிறதா என்று கை வைத்துப் பார்க்க வேண்டும். குளிர்ந்த நீரில் யாரும் நின்று குளிக்க மாட்டார்கள். மாலையில் வந்து பார்த்தால் ஷவர் தரை காய்ந்து கிடக்கும், பதிவேட்டில் மட்டும் எட்டு பேர் குளித்திருப்பார்கள். தூசி அவர்கள் வீட்டுக்குப் போகிறது என்று அர்த்தம்.

பொருளை நனைத்துத்தான் அகற்ற வேண்டும். வெறும் தண்ணீர் மேலோடு வழிந்துவிடும், சோப்புக் கரைசல் போன்ற நனைப்பான் கலந்தால்தான் உள்ளே இறங்கும். தடித்த குழாய்க் காப்பு என்றால் முந்தின நாளே ஊசி வழியாக உள்ளே செலுத்தி ஊறவிட வேண்டும். பையில் போட்டதைத் தொட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் உலர்வாகவே உரித்திருக்கிறார்கள்.

முகமூடி பற்றி ஒன்றே ஒன்று. தாடியோடு இருப்பவர் முகத்தில் இறுக்கமாகப் பொருந்த வேண்டிய முகமூடி பொருந்தாது. எவ்வளவு விலை உயர்ந்த ஃபில்டரானாலும் ஓரத்தில் காற்று நுழையும்.

பம்புக்கு முன் கண்

அகற்றி முடித்ததும் பிரிட்டன் முறையில் நான்கு கட்டம் உண்டு. முதலில் ஒப்பந்தத்தில் சொன்ன வேலை முழுதும் முடிந்ததா, சுற்றுப்புறம் சுத்தமா என்ற பார்வை. இரண்டாவது அடைப்புக்குள் நுணுக்கமான கண் சோதனை. மூன்றாவது காற்றுச் சோதனை. நான்காவது அடைப்பைப் பிரித்த பிறகு கடைசிப் பார்வை. இந்த வரிசையின் அழகே, கண் சோதனையில் தேறாமல் பம்பை ஓட்டவே முடியாது என்பதுதான். நடைமுறையில் இரண்டாவது கட்டத்தைத்தான் சுருக்குகிறார்கள், ஏனென்றால் அதற்கு எண் கிடையாது.

கண் சோதனைக்கு அறை உலர்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் தூசி தெரியாது. 'இப்போதுதான் துடைத்தோம், வந்து பாருங்கள்' என்றால் காய்ந்த பிறகு வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். டார்ச்சை நேராக அடிக்காமல் பரப்போடு சாய்த்துப் பிடித்தால் ஒவ்வொரு துகளும் நிழல் விழுத்திக் காட்டிக்கொடுக்கும். பார்க்க வேண்டியவை: கதவுச் சட்டத்தின் மேல்விளிம்பு, விளக்குப் பெட்டிகளின் முதுகு, மின்கம்பித் தட்டு, பலகையைப் பிடித்திருந்த ஆணித் துளைகள், திருகுகளின் தலையில் ஒட்டிய துணுக்கு, குழாயின் சுவர்ப்பக்க முதுகு, பாலித்தீன் ஷீட் ஒன்றின்மேல் ஒன்று படியும் மடிப்பு. கறுப்புத் துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் பாதி விடை தெரிந்துவிடும். ஒரு வகுப்பறையைப் பத்து நிமிடத்தில் பார்த்துவிட்டு வந்தவர் பார்க்கவில்லை.

மிச்ச நாரை ஒட்டவைக்கும் பூச்சைச் சில குழுக்கள் துடைத்தவுடன் அடித்துவிடுவார்கள். கண் சோதனைக்கு முன்னால் அது கூடவே கூடாது. அடித்துவிட்டால் தூசி பூச்சுக்கடியில் மறைந்து, காற்றுச் சோதனையிலும் தேறிவிடும். பூச்சு உரியும்போது மறுபடி வெளியே வரும்.

காற்றுச் சோதனையில் அமைதியான அறையில் பம்பை ஓட்டினால் எதுவும் கிடைக்காது. தூசியைக் கிளப்பிவிட்டு எடுக்க வேண்டும். அமெரிக்கப் பள்ளி விதியில் குறைந்தது 1 குதிரைத்திறன் இலை ஊதியால் தரை, சுவர், கூரை எல்லாவற்றையும் ஊதிவிட்டு, ஒவ்வொரு 10,000 கன அடிக்கும் ஒரு மின்விசிறியை மேல்நோக்கி ஓடவிட்டு 5 சாம்பிள் எடுக்க வேண்டும். சிறு வேலை தவிர மற்றவற்றுக்கு எலெக்ட்ரான் நுண்ணோக்கி கட்டாயம். அதில்தான் மெல்லிய நாரும் தெரியும், ஆஸ்பெஸ்டாஸா பஞ்சா என்றும் தெரியும். என் கருத்தில், குழந்தைகள் இருக்கும் இடத்துக்கு விதி கேட்காவிட்டாலும் இதையே கேட்டு வாங்க வேண்டும்.

அறிக்கையில் பார்க்க வேண்டியது முடிவை அல்ல, பின்பக்கத்தை. பம்பு எப்போது தொடங்கியது, எப்போது நின்றது, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், முன்னும் பின்னும் அளந்தார்களா. நிமிடத்துக்கு 8 லிட்டர் இழுக்கும் பம்புக்கு 480 லிட்டர் எடுக்க ஒரு மணி நேரம் ஆகும். இருபது நிமிடத்தில் முடிந்ததாக இருந்தால் கூட்டல் கழித்தல் தெரிந்தாலே போதும், அறிக்கை பொய் என்று தெரியும்.

இனி பணம். காற்றைச் சோதிக்கும் லேப்பை அகற்றும் ஒப்பந்ததாரரே அமர்த்தினால், சோதனை தோற்றால் யாருக்கு நட்டமோ அவரே சோதிப்பவரின் முதலாளி. லேப்பைப் பள்ளி நிர்வாகம் நேரடியாக அமர்த்த வேண்டும். முடிவு எதுவானாலும் அதே கட்டணம். தோற்றால் மறுசோதனைச் செலவு ஒப்பந்ததாரருடையது. வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் மேற்பார்வையாளருக்கு எழுத்தில் இருக்க வேண்டும். பள்ளி திறக்கும் நாளுக்கு முந்தின நாள்தான் வேலை முடியும் என்று அட்டவணை போட்டிருந்தால், அந்த அதிகாரம் காகிதத்தில் மட்டும்தான் இருக்கும். ஒரு முறை தோற்று, மறுபடி சுத்தம் செய்து, மறுபடி சோதிக்க ஒரு வாரமாவது இடம் விட்டுத் திட்டமிடுங்கள்.

கூரை ஷீட்

சிமென்ட் ஷீட்டில் நார் பெரும்பாலும் 10 முதல் 15 சதவீதம், சிமென்ட்டோடு இறுகிக் கிடக்கும். அதனால் முழு அடைப்பு தேவைப்படாது. ஆபத்து உடைப்பதிலும் அறுப்பதிலும்தான். கட்டிங் மெஷின் அந்தக் கூரைமேல் ஏறவே கூடாது. ஷீட்டைப் பிடித்திருக்கும் ஜே போல்ட்டை நனைத்து, மரையைக் கழற்ற வேண்டும். துருப்பிடித்திருந்தால் போல்ட் கட்டரால் நறுக்க வேண்டும். ஷீட்டை முழுதாக இறக்க வேண்டும், மேலிருந்து தள்ளக் கூடாது. பாசியைப் போக்க அழுத்த நீர் பாய்ச்சுவது மிகப் பெரிய தவறு. மேல்சிமென்ட் கரைந்து நார் சேறாக மைதானத்தில் ஓடும். ஷீட் மேல் நேராகக் கால் வைத்தால் உடைந்து ஆளே கீழே விழுவார், நடைபலகையும் கீழே வலையும் வேண்டும்.

பலர் மறப்பது ஓடுவாய்க்காலில் தங்கிய சேறும், கூரை விளிம்புக்குக் கீழே மழைநீர் சொட்டும் கோட்டில் உள்ள மண்ணும். பல ஆண்டு மழையில் கரைந்து வந்த நார் அங்கேதான் சேரும். குழந்தைகள் மண்ணில் விளையாடுவதும் பெரும்பாலும் அந்த நிழலில்தான்.

கழிவு ரசீதைச் சரிபார்க்க ஒரு எளிய கணக்கு: 6 மில்லிமீட்டர் அலை ஷீட் சதுர மீட்டருக்குச் சுமார் 13.5 கிலோ. 300 சதுர மீட்டர் கூரை 4 டன்னுக்கு மேல், ஷீட்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் பகுதியைச் சேர்த்தால் இன்னும் கூடும். கொட்டும் இடத்து ரசீதில் இரண்டரை டன் என்றிருந்தால் மீதி எங்கே என்று கேட்ட பிறகே பணம் கொடுக்க வேண்டும்.

ஒரு துளை போடும் வேலை

பெரிய அகற்றல் வேலைக்கு அடைப்பு, லேப், மேற்பார்வை எல்லாம் வரும். தீ எச்சரிக்கை மணி பொருத்தவும், கம்பி மாற்றவும், ப்ரொஜெக்டர் மாட்டவும் வரும் எலெக்ட்ரீஷியனுக்கு ஒன்றும் வராது. பாதுகாப்புக்காகச் செய்யும் பழுதுபார்ப்பே தூசியைக் கிளப்பும் இடம் இதுதான். எங்கெங்கே ஆஸ்பெஸ்டாஸ் இருக்கிறது என்று சொல்லும் பதிவேடு தலைமை ஆசிரியரின் அலமாரியில் பூட்டிக் கிடந்தால் பயனில்லை. டிரில் எடுத்து வருபவர் அந்த அறையின் பக்கத்தைப் படித்து, கையெழுத்திட்ட பிறகே சாவி கையில் கிடைக்க வேண்டும்.

துளையே போடாவிட்டாலும் நார் வரலாம். பிரிட்டனில் கிளாஸ்ப் என்ற முறையில் கட்டிய பள்ளிகளில் இரும்புத் தூண்களைச் சுற்றி ஆஸ்பெஸ்டாஸ் பலகை வைத்து மூடியிருந்தார்கள். கதவை அறைந்து சாத்தும்போதும் தூணில் மோதும்போதும் உள்ளே கிடந்த தூசி இடுக்கு வழியாக வகுப்புக்குள் வந்தது. அந்த இடுக்குகளை சீலன்ட் வைத்து அடைக்க வேண்டியிருந்தது. நல்ல நிலையில் இருப்பதை அப்படியே மூடிப் பராமரிக்கலாம் என்பது சரியான கொள்கைதான். ஆனால் மாணவர் கைக்கும் பந்துக்கும் எட்டும் உயரத்தில் உள்ள பலகைக்கு அந்தக் கொள்கையைப் பொருத்துவதை நான் ஏற்க மாட்டேன்.

எதிர்பாராமல் சீலிங் இடிந்து விழுந்தால்: பிள்ளைகளை வெளியேற்றுங்கள், பைகளும் புத்தகங்களும் அங்கேயே இருக்கட்டும். மின்விசிறியையும் ஏசியையும் உடனே நிறுத்துங்கள். கதவைச் சாத்தி இடுக்கில் டேப் ஒட்டி, உள்ளே வராதீர்கள் என்று எழுதி மாட்டுங்கள். துடைப்பத்தால் கூட்டக் கூடாது. சாதாரண வாக்குவம் கிளீனர் நுண்ணிய நாரைப் பின்பக்கமாக ஊதிவிடும், மிக நுண்ணிய தூசியையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ளது மட்டுமே ஆகும். உள்ளே யார் யார் இருந்தார்கள், எவ்வளவு நேரம் என்பதை அன்றே எழுதிவையுங்கள். முப்பது ஆண்டு கழித்து அவர்களுக்கு அந்தத் தாள் தேவைப்படலாம்.

அகற்றல் முடிந்ததும் பதிவேட்டில் அந்த அறைக்கு நேரே என்ன போயிற்று, என்ன மிச்சம், எந்தத் தேதி, எந்த அறிக்கை என்று எழுதி, வரைபடத்தையும் திருத்திய பிறகே ஒப்பந்ததாரரின் கடைசித் தவணையை விடுவியுங்கள். மிச்சம் இருப்பதை 6 மாதத்துக்கு ஒரு முறை பார்வையிடுவதும், 3 ஆண்டுக்கு ஒரு முறை தகுதி பெற்றவரை வைத்து முழுதாக மறுசோதனை செய்வதும் அமெரிக்கப் பள்ளி விதி. அந்த 6 மாதப் பார்வையில் போன தடவை எடுத்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அதே கோணத்தில் நின்று பாருங்கள். புதிதாக ஒரு திருகு, ஒரு நீர்க்கறை, விரல் நுழையும் ஒரு ஓட்டை இருந்தால் அப்போதுதான் கண்ணில் படும்.